தொட்டியில் அளந்தார்கள், வழியில் அளக்கவில்லை: பிரெய்ட்வுட் ட்ரிட்டியக் கசிவு

அணுமின் நிலையக் கழிவுநீரில் ட்ரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம்) அளப்பது பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கருவிக்குப் போய்விடுகிறார்கள். எந்தக் கவுண்டர், எத்தனை நிமிடம், எவ்வளவு துல்லியம் என்று கேட்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிரெய்ட்வுட் என்ற இடத்து அணுமின் நிலையத்தில் நடந்த கசிவைப் பற்றிப் படித்தால் கருவியில் பெரிதாக எந்தக் கோளாறும் இல்லை என்பது தெரியும். மாதிரி எடுக்கும் பாட்டிலை எங்கே நீட்டினார்கள், எங்கே நீட்டவில்லை என்பதில்தான் கோளாறு. நிலையத்தின் பெயரும் ஆண்டுகளும் அளவுகளும் பொதுப் பதிவில் இருப்பவை. சம்பந்தப்பட்ட ஆட்களின் பெயர் நமக்குத் தேவையில்லை.

பின்னணி

சிகாகோவுக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இரண்டு அழுத்த நீர் உலைகள் இருக்கின்றன. இரண்டும் 1988இல் வணிக உற்பத்தியைத் தொடங்கின. குளிர்விக்க ஆற்றுநீரை நேராக எடுப்பதில்லை, செயற்கையாக வெட்டிய பெரிய ஏரி ஒன்று உண்டு. ஏரிநீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால் ஒரு பகுதியைத் தொடர்ந்து வெளியேற்ற வேண்டும். அதற்காக ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடியில் ஒரு குழாய் போட்டு கான்கக்கீ ஆறு வரை கொண்டுபோயிருந்தார்கள்.

சுத்திகரித்த கதிரியக்கக் கழிவுநீரும் இதே குழாயில்தான் போகும். தொட்டியில் சேர்த்து, கலக்கி, மாதிரி எடுத்து, அளந்து, எண் சரியாக இருந்தால் ஏரிநீரோடு கலந்து தொகுதி தொகுதியாக விடுவார்கள். அனுமதி பெற்ற, சட்டப்படியான வழி இது. சீசியம், கோபால்ட் மாதிரியான தனிமங்களை வடிகட்டிகளும் ரெசின்களும் பெருமளவு பிடித்துவிடும். ட்ரிட்டியத்தை அவை பிடிக்காது, ஏனென்றால் அது தண்ணீரில் கரைந்த பொருளாக இல்லாமல் தண்ணீராகவே இருக்கிறது, ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு. இந்த வகை உலைகளில் குளிர்விப்பானில் போரான் சேர்ப்பார்கள், அது நியூட்ரானை வாங்கும்போது ட்ரிட்டியமும் கொஞ்சம் உருவாகும். ஆக, சுத்திகரிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே போகும் தண்ணீரில் ட்ரிட்டியம் இருந்தே தீரும்.

குழாயின் வழியில் 11 இடங்களில் வெற்றிட வால்வுகள் இருந்தன. நீரோட்டம் திடீரென்று நின்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகிக் குழாய் நசுங்கிவிடக் கூடாது, அதற்காகக் காற்றை உள்ளே விடும் வால்வு. ஒவ்வொன்றும் தரைக்கடியில் சின்ன கான்கிரீட் அறைக்குள் இருக்கும். கதிரியக்கப் பாதுகாப்புக் கண்ணோடு பார்த்தால் யாருடைய கவனத்திலும் இல்லாத பொருள். சிக்கல் தொடங்கியது இங்கேதான்.

1996 முதல் 2000 வரை

1996இல் ஒரு வால்வு கசிந்தது, சுமார் 2.5 லட்சம் கேலன். 1998இல் இன்னொன்று, இந்த முறை ஏறக்குறைய 30 லட்சம் கேலன், லிட்டரில் சொன்னால் ஒரு கோடிக்கும் மேல். 2000இல் மூன்றாவது வால்வு, மறுபடியும் கிட்டத்தட்ட அதே அளவு.

ரகசியமாக நடந்ததில்லை இது. வால்வு கெட்டது தெரியும், தண்ணீர் தேங்கியதும் தெரியும். வால்வைப் பழுதுபார்த்தார்கள், வேலை நடந்தது. நடக்காமல் போனது கதிரியக்க ஆய்வு. கசிவு நடந்த காலத்தில் குழாயில் எந்தெந்தத் தொகுதிக் கழிவுநீர் ஓடியது, மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது, அங்கே வீட்டுக் கிணறு இருக்கிறதா என்ற கேள்விகளை உரிய நேரத்தில் யாரும் முழுதாகப் பின்தொடரவில்லை. பின்னாளில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன குற்றச்சாட்டின் சாரமும் இதுதான்.

ஏன் விட்டார்கள் என்பதை இப்போது உட்கார்ந்து ஊகிப்பது சுலபம். ஆனாலும் இரண்டு விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, அது ஆற்றில் விட ஏற்கெனவே அனுமதி பெற்ற தண்ணீர், ஆற்றுக்குப் போகலாம் என்றால் வயலில் தேங்கினால் என்ன என்று மனசு இயல்பாகவே நினைக்கும். ஆற்றில் விட அனுமதி தந்தபோது ஆற்றின் ஓட்டத்தையும் கலப்பையும் கணக்கில் வைத்துத்தான் தந்தார்கள், ஓட்டமே இல்லாத மணல் நிலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு, கையில் பிடிக்கும் மீட்டர் எதுவும் சத்தம் போட்டிருக்காது. ட்ரிட்டியம் சிதையும்போது விடும் பீட்டாத் துகளுக்கு அதிகபட்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட், காற்றில் சில மில்லிமீட்டர் போவதற்குள் நின்றுவிடும், மீட்டரின் சுவரைத் தாண்டி உள்ளே போகாது. குழாயில் மாட்டும் காமா மானிட்டருக்கும் அது தெரியாது, காமாவே வராதே.

2005: தேடியது ஓரிடம், கிடைத்தது வேறிடம்

2005 மார்ச்சில் பக்கத்து ஊர்க் கிணறுகளில் ட்ரிட்டியம் இருப்பதாகப் பேச்சு இருக்கிறது என்று மாநிலச் சுற்றுச்சூழல் முகமை நிலையத்துக்குத் தெரிவித்தது. நிலையத்தார் ஊருக்கும் வளாகத்துக்கும் நடுவே மாதிரி எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த ஊர்க் கிணறுகளில் கிடைக்கவில்லை. நிலையத்துக்குப் போகும் சாலையோரப் பள்ளம் ஒன்றில் கிடைத்தது.

இந்த இடத்தில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். 'ஊர்க் கிணற்றில் ஒன்றும் இல்லை, பேச்சு பொய்' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம், மூடவில்லை. பள்ளத்துத் தண்ணீருக்கு மூலம் எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் அந்தக் குழாயிடமும் பழைய வால்வுக் கசிவுகளிடமும் வந்து நின்றார்கள். குழாயை ஒட்டிக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டார்கள். 2005 நவம்பர் கடைசியில் வளாகத்தின் வடக்கு எல்லையருகே லிட்டருக்கு 58,000 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வரை, அதாவது இன்னொரு அலகில் ஏறக்குறைய 2,150 பெக்கரல் அளவு இருப்பதாக ஒழுங்குமுறை ஆணையத்திடம் சொன்னார்கள். அமெரிக்காவில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 20,000 பிக்கோகியூரி, 740 பெக்கரல். வளாகத்துக்குள் பிறகு எடுத்த மாதிரிகளில் 2 லட்சம் பிக்கோகியூரியைத் தாண்டியும் வந்தது.

வளாகத்துக்கு வெளியே ஒரே ஒரு வீட்டுக் கிணற்றில் 1,400 முதல் 1,600 பிக்கோகியூரி. வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இந்த எண்கள் எப்படி வந்தன

ட்ரிட்டியத்தை அளக்க நடைமுறையில் இருக்கும் வழி திரவ சிண்டிலேஷன். மாதிரித் தண்ணீரை ஒளிரும் திரவத்தோடு, லேப்பில் காக்டெய்ல் என்பார்கள், சின்னக் குப்பியில் கலந்து கருவிக்குள் இருட்டில் வைப்பது. துகள் குப்பியை விட்டு வெளியே வர முடியாது என்பதால் கண்டறியும் பொருளையே தண்ணீருக்குள் கொண்டுபோய்விடுகிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு சிதைவும் ஒரு மின்மினி வெளிச்சம், அதை ஒளியை உணரும் குழாய்கள் எண்ணும்.

அதற்கு முன்னால் காய்ச்சி வடிக்க வேண்டும். அமெரிக்க முறையில் 100 மில்லிலிட்டர் மாதிரியில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் போட்டு வடித்து, முதலில் வரும் 10 மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு அடுத்த 50 மில்லிலிட்டரைப் பிடிப்பார்கள். நிறம், கரிமப் பொருள், மற்ற கதிரியக்கத் தனிமங்கள் எல்லாம் பின்தங்கிவிடும். பள்ளத்துத் தண்ணீரை வடிக்காமல் அப்படியே காக்டெய்லில் ஊற்றினால் நிறமே வெளிச்சத்தை விழுங்கி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும், அல்லது வேதிவினையால் வரும் வெளிச்சம் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். இரண்டு பக்கமும் ஆபத்து. கலந்த குப்பியைச் சில மணி நேரமாவது இருட்டில் விட்டுவிட்டு எண்ணத் தொடங்குவது இதனால்தான். மாதிரி எடுக்கப் போகிறவர் இருட்டில் ஒளிரும் ட்ரிட்டியக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு, கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் குறைந்த அளவில் வேலை செய்யும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அதே காரணத்துக்காக உலைப்பக்கத் தொட்டி மாதிரியையும் வீட்டுக் கிணற்று மாதிரியையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொண்டுவரவும் கூடாது.

இன்னொரு பொறி மொத்த பீட்டா சோதனை. பல இடங்களில் தண்ணீரில் கதிரியக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதை வைத்துத்தான். மாதிரியைத் தட்டில் ஊற்றி ஆவியாக்கி, மிஞ்சும் படிவை எண்ணுவார்கள். ட்ரிட்டியமோ ஆவியோடு சேர்ந்து போய்விடும். எத்தனை முறை செய்தாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும்.

சரி, இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் எண்ணுக்கு வருகிறேன். நிலையங்களின் வழக்கமான சுற்றுச்சூழல் கண்காணிப்பில் குடிநீர் மாதிரிக்கு ஆய்வகம் எட்ட வேண்டிய கண்டறியும் அளவு லிட்டருக்கு 2,000 பிக்கோகியூரி. அதற்கு மேல் இருந்தால் கண்டுபிடிக்கிற திறன் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த வீட்டுக் கிணற்றில் இருந்தது 1,400 முதல் 1,600. நிபந்தனையை மட்டும் நிறைவேற்றும் ஆய்வகத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் 'கண்டறியப்படவில்லை' என்று தாள் வந்திருக்கும். தாளில் பொய் இருக்காது. ஆனால் படிக்கிற வீட்டுக்காரர் 'இல்லை' என்று புரிந்துகொள்வார்.

கீழே போவது கஷ்டமா என்றால் அதுவும் இல்லை, நேரம்தான் செலவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குப்பியில் 10 மில்லிலிட்டர் மாதிரி, எண்ணும் திறன் 25 சதவீதம், பின்னணி (ட்ரிட்டியமே இல்லாவிட்டாலும் கருவி காட்டும் எண்ணிக்கை) நிமிடத்துக்கு 5 என்று வைத்துக்கொண்டால், 2,000 பிக்கோகியூரி அளவை எட்ட ஒரு நிமிடம் எண்ணினாலே போதும். 200ஐ எட்ட ஏறக்குறைய 100 நிமிடம் வேண்டும். பத்து மடங்கு கீழே போக நூறு மடங்கு நேரம். ஒரு குப்பிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்பது ராத்திரி முழுக்கக் கருவியை ஓடவிட்டால் ஆகிற காரியம்தான். 1,500 பிக்கோகியூரி கொண்ட தண்ணீர் அதே குப்பியில் நிமிடத்துக்குச் சுமார் 8 எண்ணிக்கை கூடுதலாகத் தரும், பின்னணி 5 இருக்கும்போது அது ஒளிந்துகொள்ளவே முடியாது. ஆகத் தெரியாமல் போவதற்கு இயற்பியல் காரணமாக இருக்க முடியாது. 2,000 போதும் என்று எழுதிவைத்த விதிதான் காரணமாக இருக்கும். (அந்தப் பின்னணியைக் கண்டுபிடிக்க ட்ரிட்டியமே இல்லாத தண்ணீர் வேண்டும், ஆழத்திலிருந்து வரும் மிகப் பழைய நிலத்தடி நீரைத்தான் தேடிப் பிடிப்பார்கள், ஏனென்றால் மழைநீரிலேயே கொஞ்சம் உண்டு.)

காலக் கணக்கையும் விடக் கூடாது. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1998இல் கசிந்ததை 2005இல் அளக்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே சிதைந்திருக்கும், மண்ணில் பரவி நீர்த்துப் போனது தனி. அதோடு கழிவுநீர் தொகுதியாக விடப்படுவதால் குழாயில் எல்லா நேரமும் ஒரே அளவு ஓடுவதில்லை. ஒரு தொகுதி போகும் சமயத்தில் கசிந்த நீரும், வெறும் ஏரிநீர் போகும் சமயத்தில் கசிந்த நீரும் ஒன்றல்ல. கசிவு நின்றபின் தேங்கிய நீரில் ஒரு பாட்டில் எடுத்து அளந்துவிட்டு அதுதான் மொத்தக் கசிவின் அளவு என்று சொல்ல முடியாது. தொட்டிப் பதிவேட்டையும் கசிவு நேரத்தையும் சேர்த்து வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எடுத்த முடிவுகள்

2005 நவம்பரிலேயே அந்தக் குழாய் வழியாகக் கதிரியக்கக் கழிவுநீர் விடுவதை நிறுத்தினார்கள். வந்துகொண்டே இருக்கும் நீரை வளாகத்தில் தற்காலிகத் தொட்டிகள் வைத்துச் சேர்த்தார்கள். செலவு பிடித்த முடிவு, ஆனால் மூலம் உறுதியாகும் முன்னாலேயே எடுத்ததுதான் அதன் மதிப்பு, உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் இன்னும் சில தொகுதிகள் போயிருக்கும். எல்லா வெற்றிட வால்வுகளையும் சோதித்தார்கள், குழாயின் வழி நெடுகக் கிணறு போட்டு ட்ரிட்டியம் எங்கே முடிகிறது என்று எல்லை குறித்தார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், ட்ரிட்டியம் கலந்த குட்டை இருந்த சொத்தை நிலையத்தை நடத்தும் நிறுவனமே வாங்கியது. பாட்டில் தண்ணீர் விஷயத்தில் விமர்சனம் உண்டு: ஆபத்தில்லை என்று ஒரு வாயால் சொல்லி இன்னொரு கையால் தண்ணீர் பாட்டில் நீட்டினால் ஜனம் எதை நம்பும்? எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

நிலத்தடி நீரைச் சரிசெய்ய எடுத்த வழி, குட்டையிலிருந்து நீரை இறைப்பது. சுற்றிலும் உள்ள நிலத்தடி நீர் குட்டையை நோக்கி இழுபடும், வெளிப்பக்கம் பரவாது. இறைத்த நீரைப் பழுதுபார்த்துச் சோதித்த அதே குழாயில் அளந்து ஆற்றுக்கு அனுப்பினார்கள். ட்ரிட்டியத்தைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது இந்த அளவுகளில் நடைமுறைக்கு ஒவ்வாது, ஆகவே நீர்த்து விடுவதையும் சிதையக் காத்திருப்பதையும் தவிர வேறு வழி இல்லை.

பிறகு நடந்தது

உடல்நலக் கணக்கு சின்னது. 1,500 பிக்கோகியூரி உள்ள நீரைத் தினமும் 2 லிட்டர் வீதம் ஒரு வருடம் முழுக்கக் குடித்தாலும் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு அளவு (டோஸ்) 0.001 மில்லிசீவர்ட்டுக்குக் கீழேதான் வரும். ஒழுங்குமுறை ஆணையமும் பொதுமக்கள் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்றே முடிவு செய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல், அமெரிக்க வரம்பைவிடப் பதின்மூன்று மடங்கு தளர்வானது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இருந்தும் ஆணையம் 2006இல் 'வெள்ளை' என்ற தரத்தில் குறை பதிவு செய்தது, அதாவது தாழ்ந்த அளவிலிருந்து நடுத்தர அளவுக்குள் அடங்கும் பாதுகாப்பு முக்கியத்துவம். கசிவுக்குப் பின் உரிய நேரத்தில் ஆய்வு செய்யவில்லை, சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடவில்லை என்பதே குறை. டோஸ் குறைவு என்பதால் பிழை குறைவு ஆகிவிடவில்லை.

2006 மார்ச்சில் மாநில அரசு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அனுமதியற்ற கதிரியக்க வெளியீடுகளை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலத்தில் சட்டமும் வந்தது. ஆணையம் ஒரு சிறப்புக் குழு அமைத்து மற்ற நிலையங்களின் கசிவுகளையும் சேர்த்துப் பார்த்தது. 2006 செப்டம்பரில் வந்த அதன் அறிக்கையில் 26 பரிந்துரைகள் இருந்தன, கவனிக்கப்படாத கசிவு வளாகத்தை விட்டு வெளியே போய்விடும் வாய்ப்பு உண்டு என்று அதில் நேராகவே சொன்னார்கள். அணுமின் தொழில்துறை தானாக முன்வந்து நிலத்தடி நீர்ப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. 100 கேலனுக்கு மேல் சிந்தினால் மாநில, உள்ளூர் அதிகாரிகளிடம் சொல்வது அதில் ஒரு பகுதி. பிரெய்ட்வுட்டில் சிந்தியது அதைப்போல முப்பதாயிரம் மடங்கு, இரண்டு தடவை. வழக்கு, அதே மாநிலத்தின் வேறு இரண்டு நிலையங்களின் வழக்குகளோடு சேர்த்து, 2010இல் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையில் சமரசமானது.

எதை மாற்றலாம்

சில விதியாகவே வந்துவிட்டன: வளாகத்தின் அடிமண்ணிலும் நிலத்தடி நீரிலும் மிஞ்சும் கதிரியக்கத்தை ஆய்வு செய்தாக வேண்டும் என்று ஆணையம் 2011இல் விதிகளைத் திருத்தியது, 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. எனக்கு இன்னும் மூன்று யோசனைகள் உண்டு.

வெளியேற்றக் குழாயை 'தண்ணீர்க் குழாய்' என்று பராமரிப்புப் பட்டியலில் வைக்காமல் கதிரியக்கப் பொருள் போகும் குழாய் என்று வைக்க வேண்டும். வால்வு அறையில் ஈரம் கண்டால் பழுதுபார்க்கும் ஆள் வருவதற்கு முன்பே பாட்டிலோடு ஒருவர் வர வேண்டும், அவர் எடுக்கும் மாதிரி மொத்த பீட்டாவுக்குப் போகாமல் நேராகக் காய்ச்சி வடிக்கப் போக வேண்டும்.

அடுத்து, 'கண்டறியப்படவில்லை' என்று எழுதும் தாளில் பக்கத்திலேயே எவ்வளவுக்குக் கீழே என்று எண் இருக்க வேண்டும். ஆய்வகங்கள் உள்ளே வைத்திருப்பார்கள், வீட்டுக்காரருக்குப் போகும் கடிதத்தில்தான் அது காணாமல் போகும். வீட்டுக் கிணறு என்றால் 200 பிக்கோகியூரி வரை எண்ணுவதை வழக்கமாக வைத்துக்கொள்வதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

கடைசியாக, தொட்டியில் அளந்த அளவை ஆற்றில் சேர்ந்த அளவாக எழுதும் பழக்கம். இத்தனை பெக்கரல் ஆற்றில் விடப்பட்டது என்ற கணக்குக்குள் குழாய் ஒழுகவில்லை என்ற அனுமானம் எழுதப்படாமலே இருக்கிறது. தொட்டியில் அளந்தது சரியாகவே இருந்தாலும் 1998இலும் 2000இலும் அந்த அனுமானம் உடைந்தது. இரண்டு முனைகளிலும் ஓட்டத்தை அளந்து கழித்துப் பார்த்தால் சின்னக் கசிவு தெரியாமல் போகலாம், ஆனால் ஒரு கோடி லிட்டர் தெரியாமல் போகாது.